'கெட்' ஒண்ணு, ஸ்பானிஷ்ல பத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிஷ் கத்துக்கிறவங்களுக்கு கொஞ்ச நாளா சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். யார் வந்தாலும் மூணாவது வாரத்துல இங்கிலீஷ் 'கெட்'டுல (get) வந்து மாட்டிக்கிறாங்க, அப்புறம் அதே கேள்வி, அதே பதில். அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன், கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். ஸ்பானிஷ் வார்த்தைகள தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், உச்சரிப்பு லத்தீன் அமெரிக்கா பக்கத்து உச்சரிப்பு. நம்ம 'ப'வுக்கு ரெண்டு மூணு சத்தம் இருக்கறதால கேட்டுப் பழகறதுதான் நல்லது, இத ஒரு அடையாளமா மட்டும் வச்சுக்கோங்க.

'கெட்'டுக்கு ஸ்பானிஷ்ல ஒரு வார்த்த சொல்லுங்க போதும், மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

அப்படி ஒண்ணு கிடையாது. சொல்லிட்டேன், இனிமே தேடாதீங்க. தமிழ்ல இருக்கா சொல்லுங்க? லெட்டர் வந்துச்சு, வேலை கிடைச்சுது, சட்டை வாங்கினேன், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன், கோபம் வந்துச்சு, புரிஞ்சுது, பஸ்ல ஏறினேன், கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. இது அத்தனைக்கும் இங்கிலீஷ்காரர் 'காட்'னு (got, 'கெட்'டோட இறந்த காலம்) ஒரே வார்த்தைய போட்டு முடிச்சுடுவார். நமக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி வினை வேணும், ஸ்பானிஷ்காரருக்கும் அப்படித்தான்.

இங்கிலீஷ்க்கே இது வெளியூர்ல இருந்து வந்த வார்த்ததான், வைக்கிங்குகள் பேசின பழைய நார்ஸ் மொழில இருந்து வந்தது. வந்த எடத்துல வீடு முழுக்க பிடிச்சுக்கிச்சு.

டிக்‌ஷனரில முதல்ல 'ஒப்தெனேர்'னு போட்டிருக்கே, அத எல்லா எடத்துலயும் போட்டா தப்பா?

ஒப்தெனேர் தப்பான வார்த்த இல்ல, ஆனா கோட் சூட் போட்ட வார்த்த. அனுமதி பெறுதல், பட்டம் பெறுதல், ஆய்வுல முடிவு கிடைக்கறது, இந்த மாதிரி எழுத்து நடைக்கு சரி. "டாக்சி கிடைச்சுதா?"ன்னு கேக்க வேண்டிய எடத்துல ஒப்தெனேர் போட்டா, நாம "டாக்சியினைப் பெற்றுக்கொண்டீரா?"ன்னு கேட்ட மாதிரி இருக்கும். புரியும், ஆனா எதிர்ல இருக்கறவர் ஒரு நிமிஷம் நம்மளப் பாப்பார். வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்கும் கோபம் வர்றதுக்கும் அதப் போட்டீங்கன்னா சுத்தமா புரியாது.

அப்போ 'ரெசிபீர்', 'கொன்செகீர்' இந்த ரெண்டுல எத எப்போ போடறது?

நீங்க சும்மா இருக்கும்போது தானா வந்து சேர்ந்தா ரெசிபீர். லெட்டர் வந்துச்சு, பரிசு வந்துச்சு, மெசேஜ் வந்துச்சு, எல்லாம் ரெசிபீர். நீங்க அலைஞ்சு திரிஞ்சு, கேட்டு, முயற்சி பண்ணி கைக்கு வந்தா கொன்செகீர். வேலை கிடைக்கறது, கூட்டமான மேட்ச்சுக்கு டிக்கெட் கிடைக்கறது எல்லாம் இதுல வரும். தமிழ்ல 'வந்துச்சு'ன்னு சொல்ல தோணுதா, 'எப்படியோ வாங்கிட்டேன்'னு சொல்ல தோணுதா, அத வச்சே முடிவு பண்ணிடலாம்.

காசு குடுத்து வாங்கினா கொம்ப்ரார், அதுல குழப்பமே வேணாம். பரீட்சைல மார்க் வாங்கறது மட்டும் தனி, அதுக்கு சகார். 'சகே உனா புவெனா நோத்தா'ன்னா நல்ல மார்க் வாங்கினேன். சகார்னா வெளிய எடுக்கறது, நாமளும் மார்க் எடுத்தேன்னு சொல்றோம்ல, அதேதான்.

எங்க டீச்சர் தமிழ்ல யோசிக்காதே, இங்கிலீஷ்ல யோசின்னு சொன்னாங்க. நீங்க தமிழ்ல யோசிக்க சொல்றீங்களே?

ஆமா, சொல்றேன். எப்பவும் இல்ல, 'கெட்' மாதிரி வினைங்களுக்கு மட்டும். நாம ஸ்பானிஷ் கத்துக்கிற புத்தகம் எல்லாம் இங்கிலீஷ்காரருக்காக எழுதினது, அவருக்கு எது கஷ்டமோ அதத்தான் அது பக்கம் பக்கமா விளக்கும். அவருக்கு கஷ்டமா இருக்கற பாதி விஷயம் நமக்கு பொறந்ததுல இருந்தே வாயில இருக்கு, ஆனா நாம அத மறந்துட்டு முதல்ல இங்கிலீஷ்காரரா மாறி, அவர் கஷ்டத்தையும் சேத்து வாங்கிக்கிட்டு, அப்புறம் ஸ்பானிஷுக்குப் போறோம். தேவையா இது?

நான் செய்யற வேலை ரொம்ப சிம்பிள். இங்கிலீஷ் வாக்கியத்துல 'கெட்' வந்தா உடனே ஸ்பானிஷ் தேடமாட்டேன். வீட்ல பேசற தமிழ்ல அத ஒரு தடவ சொல்லிப் பாப்பேன், வாய்ல என்ன வினை வருதோ அதுக்குத்தான் ஸ்பானிஷ் தேடுவேன். பத்துக்கு ஏழு எட்டு தடவ சரியா விழும். விழாத எடங்களும் இருக்கு, கீழ வரும்.

பஸ்ல ஏற்றது, இறங்கறது, எழுந்திரிக்கறது, இதெல்லாம் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்', 'கெட் அப்'. இதுல ஆன், ஆஃப், அப் எல்லாத்தையும் தனித்தனியா மொழிபெயர்க்கணுமா?

வேண்டவே வேண்டாம். ஏறுன்னா சுபீர், இறங்குன்னா பஹார், எழுந்திரின்னா லெபந்தார்சே, முடிஞ்சுது. இங்கிலீஷ்ல பஸ்னா 'ஆன்', கார்னா 'இன்'னு வேற ஒரு தலைவலி இருக்கு. நமக்கு பஸ்சும் ஏற்றதுதான், காரும் ஏற்றதுதான், ஸ்பானிஷ்லயும் ரெண்டுக்கும் சுபீர்தான். போய்ச் சேர்றதுக்கு யெகார்: 'யெகே ஆ காசா'ன்னா வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன்.

போய் எடுத்துட்டு வர்றதுக்கு 'இர் ஆ புஸ்கார்', ஸ்பெயின்ல 'இர் ஆ போர்'னும் பேசுவாங்க. எனக்கு கொண்டு வாங்கன்னு கேக்கறதா இருந்தா த்ராயேர்: 'த்ராயெமே ஆகுவா', தண்ணி கொண்டு வா.

'ஐ காட் இட்'னு ஒரு மூணு வார்த்த. இதுக்கு நாலு பேர் நாலு பதில் சொல்றாங்க, எதுதான் சரி?

நாலும் சரிதான், இடத்தப் பொறுத்து. புரிஞ்சுதுன்னா 'யா எந்தெந்தீ', ஸ்பெயின்ல நண்பர்களுக்குள்ள 'லோ பீயோ'. தேடிட்டு இருந்தது கைல மாட்டிச்சுன்னா 'யா லோ தெங்கோ'. நீங்க அனுப்பின மெயில் வந்துச்சுன்னா 'லோ ரெசிபீ'. நீ விடு நான் பாத்துக்கறேன்னா 'யோ மே என்கார்கோ'. போன் அடிக்கும்போது நான் எடுக்கறேன்னு சொல்றதா இருந்தா 'யோ கொந்தெஸ்தோ'.

முன்னாடி பின்னாடி எதுவும் இல்லாம இந்த மூணு வார்த்தைய மட்டும் அனுப்பி "மொழிபெயர்த்து குடுங்க"ன்னு கேட்டா யாராலயும் முடியாது. என்கிட்ட இப்படி கேக்கறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கற ஒரே கேள்வி, யார் யார்கிட்ட எப்போ சொன்னாங்க?

'ஐ ஹேவ் காட் எ கார்', இதுலயும் 'கெட்' இருக்கே, இதுவும் கிடைச்சதுதானா?

இல்ல, இது வெறும் 'என்கிட்ட இருக்கு'. தெனேர் போடுங்க. 'ஐ ஹேவ் காட் டு கோ'ன்னா போகணும், 'தெங்கோ கே ஈர்மே'. இந்த 'காட்' சும்மா ஒட்டிக்கிட்டு வர்றது, கண்டுக்காதீங்க.

கோபம் வந்துச்சு, டென்ஷன் ஆயிட்டேன், சோர்ந்துட்டேன், இதுக்கெல்லாம் 'பொனேர்சே' போட்டா போதும்னு படிச்சேன், சரியா?

பாதி சரி. பொனேர்சேன்னா அந்த நேரத்துக்கு ஒரு நிலைமைக்குப் போறது: 'மே பூசே நெர்பியோசோ', டென்ஷன் ஆயிட்டேன். முகம் செவந்து போறது, வெளிறிப் போறது, சோகமாகறது எல்லாம் பொனேர்சே கூட நல்லா போகும்.

ஆனா பல உணர்ச்சிக்கு ஸ்பானிஷ்ல நேரடியா ஒரு வினை இருக்கு, இருந்தா அதத்தான் முதல்ல எடுக்கணும். கோபப்படறதுக்கு லத்தீன் அமெரிக்கால எனொஹார்சே, ஸ்பெயின்ல என்ஃபதார்சே. களைச்சுப் போறதுக்கு கன்சார்சே. உடம்பு சரியில்லாம போறதுக்கு லத்தீன் அமெரிக்கால என்ஃபெர்மார்சே, ஸ்பெயின்ல பொனேர்சே என்ஃபேர்மோ. அதே மாதிரி குண்டாகறது எங்கொர்தார், இளைக்கறது அதெல்கசார், வயசாகறது என்பெஹெசேர், மோசமாகறது எம்பெயோரார், தேறி வர்றது மெஹொரார். நாமளும் 'ஒல்லியா ஆனான்'னு சொல்றத விட 'இளைச்சுட்டான்'னுதானே சொல்றோம்.

'ஆகறது'க்கு மட்டும் ஸ்பானிஷ்ல பொனேர்சே, அசேர்சே, பொல்பேர்சே, கெதார்சேன்னு நாலு இருக்கே. எனக்கு இதுதான் தலைவலி.

எனக்கும் இதுலதான் ரொம்ப நாள் போச்சு, ஏன்னா மேல சொன்ன தமிழ் வித்தை இங்க வேலை செய்யாது. நமக்கு எல்லாமே 'ஆயிட்டான்'தான். பணக்காரன் ஆயிட்டான், பைத்தியம் ஆயிட்டான், டென்ஷன் ஆயிட்டான், டாக்டர் ஆயிட்டான். இங்க நாமதான் இங்கிலீஷ்காரர் எடத்துல நிக்கறோம், ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு நாலா பிரிக்கணும்.

பொனேர்சே கொஞ்ச நேரத்துக்கு வந்து போறது, அத முன் கேள்வில பாத்தோம். அசேர்சேல ஆளோட விருப்பமோ முயற்சியோ இல்லன்னா நாளடைவுல நடக்கற மாற்றமோ இருக்கும்: 'சே ஈசோ மெதிக்கோ' டாக்டர் ஆயிட்டார், 'சே ஈசோ ரீக்கோ' பணக்காரர் ஆயிட்டார். பொல்பேர்சேன்னா ஆளே மாறிப் போறது, அதுவும் பெரும்பாலும் அவர் கேக்காமலே: 'சே பொல்பியோ லோக்கோ' பைத்தியம் பிடிச்சுப் போச்சு, நல்லா இருந்த மனுஷன் கர்வமா மாறிட்டார், இதெல்லாம் பொல்பேர்சே. கெதார்சேக்கு மூல அர்த்தம் தங்கறது, மிஞ்சறது. அதனால ஏதோ ஒண்ணு நடந்து முடிஞ்சு அதுக்கப்புறம் மிஞ்சி நிக்கற நிலைமைக்கு அது வரும், நிறைய தடவ ஏதோ ஒண்ண இழந்த நிலைமை. கண்ணு தெரியாம போச்சுன்னா 'சே கெதோ சியேகோ'. காது கேக்காம போறது, வழுக்கை விழறது, துணைய இழந்து தனியாகறது, காசில்லாம நிக்கறது எல்லாம் இதுலதான்.

இன்னொரு கைப்பிடி: நம்ம 'இரு'க்கு ஸ்பானிஷ்ல ரெண்டு வினை, பொதுவா அப்போதைய நிலைமைக்கு 'எஸ்தார்', இயல்பான குணத்துக்கு 'செர்'. பொனேர்சேவும் கெதார்சேவும் பெரும்பாலும் 'எஸ்தார்' கூட வர்ற குணச்சொல்லோட போகும், அசேர்சேவும் பொல்பேர்சேவும் 'செர்' பக்கம். தொழில், மதம் மாதிரி பெயர்ச்சொல் வந்தா பொனேர்சே போடவே முடியாது. 'சே பூசோ மெதிக்கோ'ன்னு நான் ஒரு தடவ எழுதினப்போ, டாக்டரையே உடம்புல மாட்டிக்கிட்டானான்னு சிரிச்சாங்க, ஏன்னா பொனேர்சேக்கு டிரஸ் போட்டுக்கறதுன்னும் அர்த்தம் இருக்கு.

பசி வந்துச்சு, தூக்கம் வந்துச்சு, பயம் வந்துச்சு. இதுக்கு அந்த நாலுல எது?

எதுவும் இல்ல, இங்க தமிழ் திரும்ப கை குடுக்கும். 'எனக்குப் பசிச்சுது'ன்னு நாம சொல்லும்போது 'நான்' அங்க இல்ல, 'எனக்கு'தான். ஸ்பானிஷ்லயும் அதே: 'மே தியோ அம்ப்ரே', வார்த்தைக்கு வார்த்த சொன்னா எனக்குக் குடுத்துச்சு பசி. 'மே தியோ மியேதோ' பயம் வந்துச்சு. ஸ்பெயின்ல 'மே எந்த்ரோ சுவேன்யோ'ன்னு, தூக்கம் உள்ள நுழைஞ்சுதுங்கற மாதிரி கூட பேசுவாங்க. ஏற்கனவே பசியோட இருக்கேன்னு சொல்றதா இருந்தா மட்டும் 'தெங்கோ அம்ப்ரே'.

'மே குஸ்தா' எனக்குப் பிடிக்கும், 'சே மே ஒல்பிதோ' எனக்கு மறந்து போச்சு. இங்கிலீஷ் வழியா படிக்கறவங்க இந்த 'மே'வப் பாத்து தலைகீழா இருக்கேன்னு புலம்புவாங்க, நமக்கு இது நேராத்தான் இருக்கு.

'ஹி காட் ஃபயர்ட்', 'மை போன் காட் ஸ்டோலன்' மாதிரி வந்தா செயப்பாட்டு வினை போடணுமா?

போடலாம், ஆனா பேச்சுல யாரும் அப்படிப் பேசறதில்ல. "அவன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க"ன்னு சொல்றோம்ல, யாரு தூக்கினாங்கன்னு சொல்லாம வெறும் 'ஆங்க'ல முடிக்கறோம். ஸ்பானிஷ்லயும் 'லோ தெஸ்பிதியேரோன்'. போன திருடிட்டாங்கன்னா 'மே ரொபாரோன் எல் செலுலார்'. ஒருத்தரே திருடியிருந்தாலும் பன்மைதான், நம்ம மாதிரியே.

ஆள் யாரும் செய்யாம தானா நடந்துச்சுன்னா 'சே' போடணும். உடைச்சான் வேற, உடைஞ்சு போச்சு வேறன்னு நாம பிரிக்கறோம்ல, அங்க ரொம்பியோன்னா உடைச்சான், 'சே ரொம்பியோ'ன்னா உடைஞ்சு போச்சு.

'ஐ காட் மை ஹேர் கட்'னா வேற ஒருத்தர் வெட்டினார். ஸ்பானிஷ்ல 'மே கொர்தே எல் பேலோ'ன்னு இருக்கு, அது நானே வெட்டிக்கிட்ட மாதிரி இல்ல?

நீங்க சலூன்ல இருந்து வந்து "முடி வெட்டிக்கிட்டேன்"னுதானே சொல்றீங்க? யாராவது நீயேவா வெட்டினேன்னு கேட்டாங்களா? அதே கதைதான் அங்கயும். இங்கிலீஷ்காரர்தான் இந்த எடத்துல பிரிச்சுப் பேசணும்.

இதுல இருந்து ஒரு பெரிய விஷயம் பிடிச்சுக்கலாம். ஸ்பானிஷ் வினை கடைசில வர்ற 'சே'வும் நம்ம 'கிட்டேன், கிட்டாங்க'வும் பல எடத்துல ஒண்ணா நடக்கும். கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க கசார்சே, டிரஸ் போட்டுக்கிட்டேன் பெஸ்தீர்சே, பழகிக்கிட்டேன் அகொஸ்தும்ப்ரார்சே. எப்பவும் இல்ல, லெபந்தார்சேல 'சே' இருக்கு, எழுந்திரிச்சேன்ல 'கிட்டேன்' இல்ல. கசார்சே பக்கத்துல 'கொன்' வரும், அதுக்கு 'கூட'ன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல 'மேரீட் டு'ன்னு இருக்கறதால 'ஆ'ன்னு எழுதிட்டு வர்றவங்க நிறைய.

'இட்ஸ் கெட்டிங் லேட்', 'இட்ஸ் கெட்டிங் ஹார்டர்'?

நேரமாகுதுக்கு 'சே எஸ்தா அசியெந்தோ தார்தே', மேல பாத்த அசேர்சேதான். வர வர கஷ்டமா இருக்குன்னா 'காதா பேஸ் எஸ் மாஸ் திஃபீசில்'. இந்த 'காதா பேஸ் மாஸ்'ஸ 'வர வர'ன்னு மனசுல ஒட்டி வச்சுக்கோங்க, 'கெட்டிங்' கூட ஒப்பீடு வந்தா முக்காவாசி இதுலயே முடிஞ்சுடும்.

'ஐ காட் ஹிம் டு கம்', அவன வர வச்சேன். இது எப்படி?

'கொன்செகீ கே பினியேரா'. முயற்சி பண்ணி சாதிச்சதால கொன்செகீர், மூணாவது கேள்வில பாத்த அதே காரணம். 'கே'க்கு அப்புறம் ஸப்ஜங்க்டிவ் வரணும் (விருப்பம், சந்தேகம், செய்ய வைக்கறது மாதிரி எடங்கள்ல வர்ற தனி வினை வடிவம்), அத விட்டுட்டு சாதாரண வினைய போடறதுதான் இங்க எல்லாரும் பண்ற தப்பு. நைசாப் பேசி சம்மதிக்க வச்சேன்னா 'கொன்பென்சேர்'ங்கற வினை இன்னும் பொருத்தம். தமிழ் 'வச்சேன்' ரெண்டுக்கும் பொது, அதனால எப்படி வச்சீங்கன்னு நீங்கதான் யோசிக்கணும்.

'ஐ காட் டு மீட் ஹெர்', 'ஐ காட் டு நோ ஹெர்' ரெண்டும் ஒண்ணுதானே?

இல்ல. முதல்ல இருக்கறது வாய்ப்பு கிடைச்சுது, 'பூதே கொனொசேர்லா'. ரெண்டாவது பழகப் பழக தெரிஞ்சுக்கிட்டேன், 'யெகே ஆ கொனொசேர்லா பியென்'. யெகார்னா போய்ச் சேர்றதுன்னு முன்னாடி சொன்னேனே, இங்க அது ஒரு ஆளத் தெரிஞ்சுக்கற நிலைமைக்கு வந்து சேர்றது. 'மே தொகோ'ன்னும் ஒண்ணு இருக்கு, என் பங்குக்கு வந்துச்சுன்னு அர்த்தம். நல்லதுக்கும் வரும், 'பாத்திரம் கழுவற வேலை எனக்கு வந்து சேர்ந்துச்சு' மாதிரி மாட்டிக்கிட்டதுக்கும் வரும்.

இதுல ஒளிஞ்சிருக்கற இன்னொரு நுணுக்கம், சில ஸ்பானிஷ் வினை முடிஞ்ச காலத்துக்கு மாறும்போதே அர்த்தத்துல ஒரு 'கெட்' வந்து உக்காந்துக்கும். 'பொதீயா'ன்னா முடியும்ங்கற நிலைமைல இருந்தேன், 'பூதே'ன்னா முடிச்சுக் காட்டினேன். 'சபீயா'ன்னா தெரிஞ்சிருந்துச்சு, 'சூபே'ன்னா அப்பதான் தெரிய வந்துச்சு. தனியா வினை தேட வேண்டிய அவசியமே இல்லாம காலமே வேலைய முடிச்சுடும்.

'கெட் ஓவர்', 'கெட் பேக்', 'கெட் அவே வித்' மாதிரி ஜோடி வார்த்தைகளுக்கு ஏதாவது ரூல் இருக்கா?

ரூல் இல்ல, ஒவ்வொண்ணையும் புது வார்த்தையா நினைச்சுக்கோங்க. சோகத்துல இருந்து மீண்டு வர்றது சுபெரார். திரும்பி வர்றது பொல்பேர், குடுத்தத திரும்ப வாங்கறது ரெகுபெரார், பழிவாங்கறது பெங்கார்சே. இந்த மூணும் இங்கிலீஷ்ல 'கெட் பேக்'க சுத்தியே இருக்கும். ஒத்துப் போறது 'யெபார்சே பியென்', தொலைச்சுக் கட்டறது 'தெசசேர்சே தே'. தப்பு பண்ணிட்டு மாட்டாம, நினைச்சத சாதிச்சுட்டுப் போறதுக்கு 'சலீர்சே கொன் லா சூயா', தன்னோடதோட வெளிய போறதுன்னு சொல்ற மாதிரி. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்பானிஷ் தொடர் இது.

ஸ்பெயின்ல இருந்த ஃபிரண்டு 'கொஹேர்'னு ஒண்ணே ஒண்ணு போதும், பஸ் பிடிக்கறது, எடுக்கறது, ஜலதோஷம் பிடிக்கறது எல்லாத்துக்கும் வரும்னு சொன்னான். உண்மையா?

ஸ்பெயின்ல உண்மை, அங்க அது அன்னாடம் புழங்கற வார்த்த. ஆனா மெக்சிகோ, அர்ஜென்டினா மாதிரி நாடுகள்ல அதுக்கு கெட்ட அர்த்தம், படுக்கையறை சமாச்சாரம். பஸ்ஸ கொஹேர் பண்ணப் போறேன்னு சொன்னா சிரிச்சே சாவாங்க. தொமார் போடுங்க, எந்த நாட்டுலயும் பிரச்சனை இல்ல.

எல்லாத்தையும் டிரான்ஸ்லேட்டர் ஆப்ல போட்டா வந்துடுமே, எதுக்கு இவ்வளவு?

முழு வாக்கியமா, கூட ஒரு வாக்கியமும் சேத்துக் குடுத்தா இப்பல்லாம் நல்லாவே வருது, பொய் சொல்லல. சின்ன வாக்கியம்தான் ஆபத்து, 'ஐ காட் இட்' மாதிரி, ஆப் ஏதோ ஒரு அர்த்தத்த தானே எடுத்துக்கும், எத எடுத்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லாது. வந்த ஸ்பானிஷ அப்படியே தமிழுக்குத் திருப்பிப் பாருங்க, இங்கிலீஷுக்கு இல்ல. இங்கிலீஷுக்குத் திருப்பினா திரும்பவும் 'காட்'னுதான் வந்து நிக்கும், தப்பு கண்ணுக்கே தெரியாது. தமிழ்ல 'வாங்கினேன்'னு வந்துச்சா, 'புரிஞ்சுது'ன்னு வந்துச்சான்னு பாத்தா உடனே தெரிஞ்சுடும்.

'ஐ காட் யூ'ன்னா? இதுக்கு மட்டும் எங்கயும் பதில் கிடைக்கல.

கீழ விழப் போறவங்களப் பிடிச்சுக்கிட்டு சொன்னா 'தே தெங்கோ'. நீ சொல்றது புரியுதுன்னா 'தே எந்தியெந்தோ'. ஏமாத்தி விளையாடி மாட்ட வச்சுட்டு சொன்னா 'தே பீயே'ன்னு ஸ்பெயின்ல, 'தே அகர்ரே'ன்னு லத்தீன் அமெரிக்கால நிறைய பேர். கவலப்படாத நான் இருக்கேன்னு ஆறுதலா சொன்னா 'குவெந்தாஸ் கொன்மீகோ', என்ன நம்பலாம்னு அர்த்தம். அனுப்பினவங்க எந்த மூட்ல அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியாது, அத நீங்கதான் கேக்கணும்.